கொட்டகைக்கு வந்த கரண்ட்

பெஹாலாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு கொட்டகை உண்டு. செங்கல் சுவர், தகரக் கூரை. என் மனைவி அதில் உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் இட்லி மாவு அரைப்பாள். ஜாதவ்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதுதான் பிழைப்பு. ஆட்டி ஆட்டி அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனிக் கல்லைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் ஒரு கிரைண்டரை வரவழைத்து, கொட்டகையில் செங்கல் மேடை கட்டி வைத்தேன்.

அங்கே கரண்ட் கிடையாது. வீட்டுக்காரர் சம்மதித்து, தனக்குத் தெரிந்த எலக்ட்ரிக் மிஸ்திரியை அனுப்பினார். அவர் பிளக் பாயிண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்திவிட்டார். மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறும். சுவரின் மேல்பக்கத்தைக் காட்டினேன்.

"ஒபோரே துலே தேபோ, தாதா?"

மேலே ஏற்றட்டுமா என்று கேட்கிறார். அவ்வளவு பெங்காலி எனக்குப் புரியும். பேசத்தான் வாய் வராது. "சரி, சரி" என்றேன்.

அவர் காதில் அது 'சாரி' என்று விழுந்தது. "சாரி கேனோ? தாக் தாஹோலே" என்றார். சாரி எதற்கு, அப்படியே இருக்கட்டுமாம். சிரித்துக்கொண்டே பையைக் கட்டினார். மேலே ஏற்றினால் இன்னும் ஒயர் இழுக்க வேண்டும். வசதியானதுதான் காதில் விழும்.

"நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்துல ஒரு வார்த்தை. அதையும் தமிழ்ல சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் வீட்டுக்காரரிடம் போனேன். மிஸ்திரி அதற்குள் கதையைச் சொல்லியிருந்தார். "கீ சாரி பாபு, ஆபார் கீ?" என்று வீட்டுக்காரர் கேட்க, என்ன சாரி பாபு, மறுபடி என்னவாம், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். தெரு முழுக்க எனக்கு அதுவே பெயரானது.

ஆடியில் மூன்று நாள் விடாத மழை. பிளக் பாயிண்ட் மூழ்கி, வீடு முழுவதும் ஃபியூஸ் போனது. வீட்டுக்காரர் குடையோடு நின்று ஒயரை அறுக்கச் சொன்னார். அறுத்தது அதே மிஸ்திரிதான். "மேலே வைத்தால் போதும்" என்று கையைக் காட்டிக் கெஞ்சினேன். "ஆர் நா" என்றார் வீட்டுக்காரர். இனிக் கிடையாது.

தண்ணீர் வடிந்ததும் மனைவி மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட்டுக்கல் முன் உட்கார்ந்தாள். குழவியைப் பிடிக்கப் போனேன்.

"விடுங்க. உங்களுக்கு உளுந்துப் பதம் தெரியாது."

இனிப் பாதி மாவுதான் என்று தமிழ் வீடுகளுக்கெல்லாம் சொல்லிவரப் புறப்பட்டேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது.