கைக்கு ஒரு டீ

ஒரு கண்ணாடி டம்ளர். அதைச் சுற்றி இரண்டு கைகள். எங்கள் தேயிலை எஸ்டேட் டாக்டரை நினைத்தால் முகம் வருவதற்கு முன் எனக்கு இதுதான் வருகிறது. குன்னூருக்கு மேலே, காலையில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும் ஊர் அது. டாக்டர் வந்து உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரி ஆயா டீ கொண்டுவந்து வைப்பார். அவர் அதைக் குடிக்கமாட்டார். உள்ளங்கைகளால் பொத்திப் பிடித்தபடி, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எஸ்டேட் ஃபாக்டரி கிளார்க்கின் மகளான நான், சின்ன வயதில் வயிற்றுவலியோடு போயிருந்த அன்று, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டுவிட்டேன். "இது வாய்க்கில்லை அம்மிணி, கைக்கு" என்றார். பிறகு அந்தக் கை என் வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. வைத்தார் என்று சொல்ல மனம் வரவில்லை. அடுப்பு மேடையில் பூனை வந்து படுப்பதுபோல், தானாக வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் எங்கே வலித்தாலும் உடம்பு அந்தச் சூட்டைத்தான் தேடுகிறது.

அவர் மலையை விட்டுப் போனது எங்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. கீழே ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லித்தரப் போனார்; துறைத்தலைவரானார்; பிறகு, புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் கல்லூரிக்கு டீன் ஆனார். "நம்ம டாக்டரு இப்ப டாக்டருங்களுக்கே டாக்டரு" என்று லயத்தில், தொழிலாளர்களின் வரிசைவீடுகளில், பேசிக்கொண்டார்கள். அந்தக் கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். டீன் அறையில் ஏசி ஓடும். டீ பீங்கான் கோப்பையில், மூடி போட்டு வரும். கையெழுத்துப் போட்டுக்கொண்டே உறிஞ்சிக் குடிப்பார். அந்தக் கை யாரையும் தொட்டு நான் அங்கே பார்த்ததில்லை. அப்போது அது எனக்குப் படவும் இல்லை. உயரப் போனவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரிக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் அதன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் வார்டு வார்டாக நடந்து பார்ப்பார்கள். ஊருக்கு வெளியே, பொட்டல் காட்டில் கட்டிய அந்த ஆஸ்பத்திரிக்கோ யாரும் வருவதில்லை. டீன் என்னைக் கூப்பிட்டார். "நம்ம எஸ்டேட் சனங்களை வரச் சொல்லியிருக்கேன். ஒரு நாள் படுத்திருந்தாப் போதும். நீ கூட இருந்தா அவங்களுக்குத் தெம்பா இருக்கும், அம்மிணி." இதைச் சொல்லும்போது மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "சரிங்க" என்றேன்.

மலைக்குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு, சமவெளி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பாதிப்பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். பெண்கள் வார்டில் சிரிப்புத் தாங்கவில்லை. "படுத்துக்கிட்டே சம்பளம். இதுல்ல நல்ல எஸ்டேட்டு." "ஏய், நீ முனகு புள்ள. ஊட்ல உம்புருசங்கிட்ட முனகுவியே, அப்படி." எல்லாருடைய கட்டில் தலைமாட்டிலும் காய்ச்சல் என்று எழுதிய அட்டை தொங்கியது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் லயத்து அக்கா. சின்ன வயதில் சிலோனிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். டீயைத் தேத்தண்ணி என்றே சொல்வார். ஜன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்து, ஒரு காலை நீட்ட முடியாமல் மடக்கிப் படுத்திருந்தார். "இடுப்புல உசுரு போவுது பாப்பா. பஸ்ஸு வருதுன்னதும் ஓடியாந்துட்டேன். ஐயா ஒருக்கா கை வச்சா தெரிஞ்சிரும்." நான் சொன்னேன்: "கண்டிப்பா பாப்பாருங்கக்கா."

ஆய்வுக்காரரோடு டீன் வந்தார். வெள்ளைக்கோட்டு, பின்னால் கட்டிய கைகள். கட்டில் கட்டிலாக நடந்தார். எல்லாரும் நல்ல பிள்ளைகளாக முனகினார்கள். அக்கா அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, போர்வையை விலக்கி இடுப்பைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். டீன் அந்தக் கட்டிலருகே வந்தார். தலைமாட்டு அட்டையை ஆய்வுக்காரருக்குக் காட்டி, "ஃபீவர்" என்றார். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கூடவே நானும் நகர்ந்தேன்.

பின்னால் கட்டிய கை பின்னாலேயே இருந்தது.

பிறகு விருந்து. பனிமஞ்சு இறங்குமுன் மலை ஏற வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்த, பஸ் கிளம்பிவிட்டது. அங்கீகாரம் வந்தது. இனிப்பு கொடுத்தார்கள். அக்காவுக்கு முதுகெலும்பில் காசநோய், சீழ் இடுப்புவரை இறங்கியிருக்கிறது என்று வேறோர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது அடுத்த மழைக்காலம் வந்திருந்தது. உயிர் தங்கியது. முதுகு நிமிரவில்லை. கொழுந்துக் கூடையை அவர் அதற்குப் பிறகு தூக்கவே இல்லை.

இத்தனை வருடமும் நான் எனக்கொரு சமாதானம் சொல்லி வந்தேன். டீன் பார்க்கவில்லை. அவசரம், பக்கத்தில் ஆய்வுக்காரர், மனுஷன் கவனிக்கவில்லை. யாராவது அவரைக் குறை சொன்னால் சண்டைக்குப் போனேன். அந்தச் சமாதானத்தில்தான் சம்பளம் வாங்கினேன், கவிதை எழுதினேன், தூங்கினேன்.

போன மாதம் போன் வந்தது. அவர் ஓய்வுபெற்று இப்போது மறுபடி மலையில், ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேலில், தனியாக இருக்கிறார். "அம்மிணி, மூணாம் லயத்துக்கு ஒருக்கா போகோணும். நீ கூட வாயேன்." போனோம். லயத்தின் படிகளில் அவர் நின்று நின்று ஏறினார். வாசலில் அக்கா, இரண்டாக மடிந்தவர், தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். "அட, ஐயாவா? உள்ள வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. டாக்டர் அதை உள்ளங்கைகளால் பொத்திப் பிடித்தார். அக்கா சிரித்தார். "இன்னமும் கைய சூடு பண்றீங்களா ஐயா? இப்ப யாரப் பாக்கப்போறீங்க?"

மழை கூரைத் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். கோபமே இல்லாத குரலில், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்பதுபோல் சொன்னார்: "அன்னிக்கு நான் நடிக்கலைங்க ஐயா."

இல்லை அம்மா, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவர் சொல்வார் என நினைத்தேன். நான் காத்திருந்தேன். சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"தெரியும்" என்றார் டாக்டர். "நீ கால மடக்கிப் படுத்திருந்ததுமே தெரிஞ்சுபோச்சு. தூரத்திலயே."

அக்கா தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தார். பிறகு கையூன்றி எழுந்து, அவர் விரல்களுக்குள்ளிருந்து டம்ளரை மெதுவாக விடுவித்தார். "ஆறிப்போச்சுங்க. சுட வச்சுத் தாரேன், இந்த வாட்டி குடிச்சிருங்க" என்று சுவரைத் தடவியபடி அடுப்புக்குப் போனார்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவருடைய கைகள், டம்ளர் போன பிறகும், அதே வளைவில் அந்தரத்தில் நின்றன. என் கைகளை நான் மடியில் புதைத்துக்கொண்டேன்.