என் மடியில் இறங்கிய போடிமெட்டு ரோடு

இன்று காலை போடி போகும் பஸ்சில், ஊருக்கு ஒருத்தியாக பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் ஏறினார்கள். ஆளுக்கொரு அட்டைப்பெட்டி.

"என்னம்மா இது?" என்றேன்.

"போடிமெட்டு மலை ரோடு, அக்கா. இன்னைக்கு ஸ்கூல்ல ப்ராஜெக்ட்டு காட்டணும். சாயங்கால பஸ்சை விட்டா வேற பஸ் இல்ல, ஸ்கூல் விட்டு சேந்து உக்காந்து செய்ய முடியல. அதனால ஆளுக்கொரு வளைவு வீட்டுலயே செஞ்சோம். இனிமேத்தான் சேத்துப் பாக்கணும்."

நான் பெட்டிகளை எட்டிப் பார்த்தேன். "அளவு பொருந்துமா?"

"சேர்ற எடத்துல ரோடு தீப்பெட்டி அகலம் இருக்கணும். மத்தது அவங்கவங்க இஷ்டம்."

ஒன்றில் ஏலக்காய்த் தோலில் காடு. ஒன்றில் பஞ்சில் மேகம். ஒன்றில் நிஜக் கல்லே பாறை. நாலாவதில் வெறும் ரோடு மட்டும்.

பெட்டிகளைச் சரிவாகச் சேர்த்துப் பிடிக்க முதல் பெட்டிக்காரி நின்றாள், அடுத்தவள் குனிந்தாள், மூன்றாமவள் உட்கார்ந்தாள். கடைசி வளைவு என் மடியில். "அக்கா, ஆடாதீங்க." என்னிடம் பெட்டியைத் தந்தவள் முதல் பெட்டியின் உச்சியில் ஒரு கோலிக்குண்டை வைத்தாள்.

கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணே, பிரேக்கைத் தொட்டுறாதீங்க!"

குண்டு காட்டுக்குள் புகுந்து, மேகத்தில் மறைந்து, பாறையைச் சுற்றி, எங்கும் தட்டாமல் என் கையில் வந்து விழுந்தது.

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போதோ போய்விட்டது. கண்டக்டரும் கவனிக்கவில்லை.

நாளை எங்கள் ஆபீசில், ஒரே அறையில் உட்கார்ந்தும் ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு சேராத நாலு பேருக்கு மீட்டிங். ஒரு கோலிக்குண்டு கொண்டுபோய் உருட்டிப் பார்க்கட்டுமா?