ஓட்டோ என்ன சாப்பிட்டான்?

ஆர்டிஸ் ஹால்வர்சனிடம் ஒரு படிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கட்டம் விடாமல் நிரப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். விஸ்கான்சினில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம் இருக்கிற ஓர் ஊரில் பள்ளிச் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குத் தாராளமாக அள்ளிப் போடுகிறவள், தன் நாய் ஓட்டோவிடம் மட்டும் மகா கருமியாக இருந்தாள். காலையில் ஒரு கோப்பை தீனி, சாயங்காலம் ஒரு கோப்பை. அதற்கு மேல் மூக்கால் அழுதாலும் கிடைக்காது.

காரணம் பிராண்டி. ஓட்டோவுக்கு முன்னால் இருந்த நாய். பள்ளிக்கூடத்தில் மிஞ்சியதையெல்லாம், கறிக்குழம்பு, வறுத்த உருளை, ஆறிப்போன பீட்சா என்று பொட்டலம் கட்டி வந்து ஊட்டி வளர்த்தாள். ஆறு வயதில் மண்ணீரலில் புற்றுக் கட்டி வெடித்து ஒரே வாரத்தில் போய்விட்டது. ஏன் வந்தது என்று வைத்தியருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆர்டிஸுக்குத் தெரியும், தான் ஊட்டியதுதான் கொன்றது என்று. இதை அவள் கணவன் லைலிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால்தான், ஆராய்ச்சிக்காரர்கள் மூவாயிரம் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்துப் புற்றுநோய்க்குக் காரணம் தேடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக ஓடிப்போய் ஓட்டோவைச் சேர்த்தாள். வருடா வருடம் ரத்தம், நகம், முடி அனுப்ப வேண்டும். மலத்தையும் டப்பாவில் அடைத்து அனுப்ப வேண்டும், அந்தத் திருப்பணி லைலுடையது. கூடவே நூறு கேள்விகள். எங்கே தூங்குகிறது, புல்வெளிக்கு என்ன மருந்து அடித்தீர்கள், வேறு யாராவது ஏதாவது ஊட்டுகிறார்களா. அந்தக் கடைசிக் கேள்விக்கு எட்டு வருடமாக 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

லைல் பால் லாரி ஓட்டுகிறவன். ஏழு பண்ணைகளில் பால் எடுப்பான். பக்கத்து இருக்கையில் ஓட்டோ. இந்த மார்ச்சில் லைல் இடுப்புப் பிடித்துக்கொண்டு சோபாவோடு சோபாவாகக் கிடந்தான். லாரியை வேறொருவன் எடுத்துப் போனான். மறுநாள் காலையில் ஜாஸ்ட்ரோ பண்ணைக்காரியிடமிருந்து போன் வந்தது.

"லைலுக்கு இடுப்பாம்ல? சரியாப் போயிடும். அது கெடக்கட்டும், ஓட்டோவுக்கு எடுத்து வெச்ச சாஸேஜை என்ன பண்றது?"

"என்ன சாஸேஜ்?" என்றாள் ஆர்டிஸ். பத்து நிமிடத்தில் பியர்க்கே பண்ணை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், ஓட்டோவுடைய சீஸ் துண்டு அப்படியே இருக்கிறதாம். மத்தியானத்துக்குள் ஏழு பண்ணைகளின் குட்டும் வெளிப்பட்டுவிட்டது. அவித்த முட்டை, பன்றி வறுவல், ஆப்பிள் பை. ஒவ்வொரு வீட்டிலும், தாங்கள் மட்டும்தான் கொடுப்பதாக நினைத்திருந்தார்கள். ஓட்டோவும் ஏழு வீட்டிலும் பட்டினி கிடந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான், திருட்டுப் பயல்.

லைல் அசடு வழிந்தான்.

"நான் எங்க குடுத்தேன்? அவங்க குடுத்தாங்க. நான் பால் எடுத்துட்டிருந்தேன்."

"எட்டு வருஷமா என்னைப் பொய்க் கையெழுத்துப் போட வெச்சிருக்க."

அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஆராய்ச்சியிலிருந்து ஓட்டோவை நீக்கிவிட்டால் எட்டு வருட ரத்தமும் நகமும் குப்பைக்குத்தான். பிராண்டி ஏன் செத்தது என்று யாராவது கண்டுபிடிக்கிற நாளில் தன் பங்கென்று ஒன்றுமே இருக்காது. ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, ஆராய்ச்சிக்காரர்களுக்கே போன் போட்டாள். ஜோலீன் என்றொரு பெண் எடுத்தாள். ஆர்டிஸ் ஏழு வீட்டுப் பட்டியலையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, யாரையும் நீக்குவதில்லை, திருத்தி எழுதினால் போதும் என்றாள். ஓட்டோ அப்படியே இருப்பான்.

அத்தோடு போனை வைத்திருக்கலாம். ஆர்டிஸுக்கு வைக்க முடியவில்லை.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? முன்னாடி பிராண்டின்னு ஒரு நாய் இருந்துச்சு. என் கையாலதான் கண்டதையும் ஊட்டினேன். அதனாலதான் செத்துச்சா?"

சோபாவில் லைல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். மறுமுனையில் ஜோலீன் இந்தமுறை சிரிக்கவில்லை.

"தெரியாதுங்க. எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே இன்னும் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வருஷா வருஷம் நூறு கேள்வி கேப்பமா?"

ஆர்டிஸ் அழுதாள். துக்கமில்லை, ஒன்பது வருடமாகத் தனக்கு மட்டும் தெரியும் என்று சுமந்து திரிந்தது உலகத்தில் யாருக்குமே தெரியாத விஷயம் என்றால் அழாமல் என்ன செய்வாள்? லைல் நொண்டி நொண்டி வந்து அவள் தோளில் கை வைத்தான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புதுப் படிவத்தை எடுத்தாள். யார் ஊட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு நேரே ஏழு வீட்டுப் பேரையும் எழுதினாள். பிறகு எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து, விரல்நுனி அளவு சீஸ் கிள்ளி ஓட்டோவிடம் நீட்டினாள். அவள் கையிலிருந்து அவனுக்கு இப்படி வந்ததே இல்லை. அவன் நம்பாமல் ஒருமுறை லைலைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். ஆர்டிஸ் உட்கார்ந்து எட்டாவது பெயராகத் தன் பெயரை எழுதினாள்.