நீலக் கயிற்றின் மறுமுனை

மைதானத்தின் மூலையில் இருக்கும் கொட்டிலை இடிக்கப் போகிறார்கள் என்பதால், உள்ளே கிடந்தவற்றை எல்லாம் சென்ற கிழமை வெளியே எடுத்துப் போட்டேன். பழைய புல்வெட்டும் மெசின், கோடு போடும் வண்டில், கிழிந்த வலை, காற்றுப் போன பந்துகள். கடைசியாகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீல நைலோன் கயிறு கையில் வந்தது. ஒரு பலகைத் துண்டில் அதைச் சுற்றி வைத்திருந்தோம். இரண்டு முனையிலும் இரும்பு முளை. இடையிடையே சிவப்பு நூலாலும் மஞ்சள் நூலாலும் முடிச்சுகள். சிவப்பு பெனால்டிப் பெட்டிக்கு, மஞ்சள் கோலுக்கு முன்னால் வரும் சின்னப் பெட்டிக்கு. அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு திரியாமல் முடிச்சைப் பார்த்தே கோடு போடலாம் என்று அந்த நூல்களைக் கட்டியவர் கோச் அண்ணை. ஒரு சிவப்பு முடிச்சில் இன்னும் வெள்ளைப் பெயின்ற் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டப் போய், வேண்டாம் என்று விட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். லண்டன் மனோர் பார்க்கில் உள்ள இந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நிலத்தைப் பராமரிப்பதும் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பதும் என் வேலை. பல்கலைக்கழகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு வீடுகளைச் சேர்த்து வேதாகமப் பள்ளியாகத் தொடங்கிய இடம். இப்போதும் அக்கம்பக்கத்தார் கொலிஜ் என்றுதான் சொல்லுகிறார்கள். நானோ சைவன், வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்குப் போகிறவன். அதை அங்கே யாரும் குறையாக எடுத்ததில்லை. நான் அதிகம் கதைப்பதில்லை என்பதைத்தான் எல்லாரும் கவனித்தார்கள். என் மனைவி சொல்லுவாள், "உங்களுக்கு வாய் வைச்ச கடவுள் அதைத் திறக்கக் காட்டித்தர மறந்திட்டார்" என்று. புதிய ஆள் ஒருவர் முன்னால் நின்றால் குனிந்து ஏதாவது வேலை பார்க்கத் தொடங்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கோச் அண்ணை டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவர். டென்மார்க்கில் ஒரு சிறு நகரத்துக் கழகத்தில் உதைபந்தாட்டம் பழக்கியிருக்கிறார். இங்கே வான் வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. யாரோ சொல்லி எங்கள் கல்லூரிக்கு வந்தவர், சம்பளம் எதுவும் இல்லாமல் கிழமையில் இரண்டு பின்னேரமும் சனிக்கிழமையும் மாணவப் பெடியளைப் பழக்கினார். சனிக்கிழமை காலையில் லண்டனின் மேற்குத் தொங்கலிலிருந்து கிழக்குத் தொங்கலுக்கு வான் ஓட்டி வருவார். வந்ததும் முதல் வேலை கோடு போடுவது. ஒரு முளையை அவர் அந்தப் பக்கம் குத்துவார், மற்றதை நான் இந்தப் பக்கம் பிடிப்பேன். தூரத்தில் நின்று, "சரியோ தம்பி?" என்று கேட்பார். எனக்குக் கத்திச் சொல்ல வராது. கயிற்றை ஒருதரம் இழுத்தால் ஓம். இரண்டு தரம் இழுத்தால் சரியில்லை, நில்லுங்கோ. இதை நாங்கள் பேசி முடிவெடுக்கவில்லை, பழக்கத்தில் வந்தது. ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டு, "நீர் கயிற்றாலதான் கதைக்கிறீர். பரவாயில்லை, எனக்குக் கேக்குது" என்றார்.

என் ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் வாசித்துச் சொன்னவரும் அவர்தான். கவுன்சில் கடிதம், மகளின் பள்ளிக்கூடக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் என்று வருபவற்றைக் கிழமை முழுக்கச் சேர்த்து வைத்திருப்பேன். கோடு போட்ட பிறகு கொட்டிலுக்குள் தேத்தண்ணி குடிக்கும்போது நீட்டுவேன். கண்ணாடியைப் போட்டு, முதலில் மனதுக்குள் ஒருதரம் வாசிப்பார். பிறகு வரிவரியாகத் தமிழில் சொல்லுவார். கெட்ட செய்தி என்றாலும் ஒரு வரியையும் விடமாட்டார். "கடிதத்தில இருக்கிறதைச் சொல்லாமல் விட்டால் அது உம்மட கடிதம் இல்லை" என்பார்.

எங்கள் அணி அதிகம் தோற்றது. ஏன் தோற்றது என்பது எனக்குத் தெரியும். படிக்க வந்த பெடியளில் பாதிப் பேர் இரவில் வேலை செய்தார்கள். பாதுகாப்பு வேலை, பண்டகசாலை வேலை, விமான நிலையத்தில் பொதி தூக்கும் வேலை. கானாக்காரன், பிரேசில்காரன், கேரளாக்காரன், எங்கள் ஆட்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. ஷிப்ட் முடிந்து நேரே மைதானத்துக்கு வருவார்கள். கோச் அண்ணை ஒவ்வொருவருடைய முகத்தையும் கிட்டப் போய்ப் பார்ப்பார். நித்திரை கொள்ளாதவனை விளையாட விடமாட்டார். எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி. அவனைக் கொட்டிலுக்குள் உடுப்புப் பைகளின் மேல் படுக்க வைத்து, என்னிடம் போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திவிடுவார். பிறகு மிச்சம் இருப்பவர்களை வைத்து விளையாடுவார். சில நாட்களில் மாற்று ஆளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தோல்வி மட்டும்தான். கொட்டிலுக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் முதலாளி வந்தார். பல கடைகள் வைத்திருக்கிற தமிழர், கிறிஸ்தவர், கல்லூரிச் சபைக்கு ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர். அவருடைய ஒரு கடையில் என் மனைவி வேலை செய்தாள். இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அவர் அதைக் காட்டி என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. நல்ல மனிதர். சின்ன வயதில் பந்து வாங்க வசதியில்லாமல் வளர்ந்தவர் என்று சொல்லுவார்கள். உதைபந்தாட்டத்தைச் சரியாக நடத்த மூன்று வருடங்களுக்குப் பணம் தருவதாகக் கல்லூரியிடம் சொன்னார். செயற்கைப் புல் மைதானம், புது உடுப்பு, முழுநேரச் சம்பளத்தில் ஒரு கோச். பதவிக்கு விளம்பரம் போட்டார்கள். கோச் அண்ணையும் விண்ணப்பம் போட்டார். அவருக்கு முதுகு பழுதாகிக்கொண்டிருந்தது. "இது கிடைச்சால் வானை விட்டிடலாம். இனிப் பெட்டி தூக்க ஏலாது தம்பி" என்று ஒருநாள் முளையைக் குத்தக் குனிந்தபடியே சொன்னார். குனிந்தவர் நிமிர நேரம் எடுத்தது.

ஆளைத் தெரிவு செய்யும் குழுவில் கல்லூரி அதிபர், சபைப் போதகர், முதலாளி, ஒரு விரிவுரையாளர் இருந்தார்கள். மைதானத்தில் எந்நேரமும் நிற்கிறவன் என்று அதிபர் என்னையும் சேர்த்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். கோச் அண்ணை தோற்றது நித்திரை இல்லாத பிள்ளைகளை விளையாட விடாததால். மகளிடம் கேட்டேன். அவள் அதை ஆங்கிலமாக்கி, நான் வாசிக்கத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். "அப்பா, நீங்க இதை அப்பிடியே பார்த்து வாசிச்சாலும் ஓகே" என்றாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கோச் அண்ணை என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்னைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லும். கூட்டிச் சொல்ல வேண்டாம்."

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முடிவையும் கை உயர்த்தி எடுக்க மாட்டார்கள். எல்லாம் கதைத்து முடிந்ததும் போதகர் முடிவைச் சொல்லுவார். மனதில் சமாதானம் இல்லாதவர் இப்போது சொல்லலாம் என்பார். பிறகு கண்ணை மூடி எல்லாரும் அமைதியாக இருப்பார்கள். ஒருவரும் பேசாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம், கடவுளுக்கும் சம்மதம் என்று ஆமென் சொல்லி எழும்புவார்கள். குழு கூடிய அன்று கதை நீண்டது. பயிற்சியாளர் உரிமப் பத்திரம், தோல்விகள், வேறு கல்லூரிகள் என்று ஏதேதோ கதைத்தார்கள். பாதிதான் பிடிபட்டது. கோச் அண்ணையின் பெயர் இரண்டு தரம் வந்தது, இரண்டு தரமும் மரியாதையாகத்தான். பிறகு போதகர் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்திருந்த உரிமம் உள்ள ஒரு பயிற்சியாளரின் பெயரைச் சொன்னார். கண்களை மூடினார்கள். நான் மூடவில்லை. சட்டைப் பையில் கடதாசி இருந்தது. கையை அதன் மேல் வைத்தேன். சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. முதலாளியின் உதடுகள் செபத்தில் அசைந்தன. போதகர் ஆமென் சொன்னார்.

அந்த அமைதியைச் செபத்தின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டேன், செபம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன், எனக்கு அவர்களுடைய முறை விளங்கவில்லை என்று மனைவிக்குச் சொன்னேன். மகளுக்கும் அதையே சொன்னேன். பல வருடம் எனக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன். அது பொய். போதகர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. அந்த அமைதி எனக்காகவும்தான் இருந்தது. முதலாளிக்குப் பயந்தேன் என்று சொன்னாலாவது ஒரு சாட்டு இருக்கும். பயமும் இல்லை. வாய் திறக்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு மனிதருடைய முதுகை விட என் வெட்கம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை கோச் அண்ணை வழக்கம்போல வந்தார். கோடு போடும் முன்பே கொட்டிலுக்குள் உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் பிரித்தார். இந்தமுறை அவருடைய கடிதம். என் கடிதங்களை வாசிப்பதுபோலவே கண்ணாடியைப் போட்டு, முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு எனக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னார். அவருடைய சேவைக்கு நன்றி. பதவி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கு அடுத்த வரியில் நிறுத்தினார். விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. "குழுவில் இருந்த எல்லாரும் ஒரே மனதாக இந்த முடிவை எடுத்தார்கள்" என்று வாசித்தார். நான் குழுவில் இருந்தது அவருக்குத் தெரியும். கடிதத்தை மடித்து உள்பையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தார். "வாரும், கோட்டைப் போடுவம். பெடியள் வரப் போறாங்கள்."

அன்று அவர் அந்தப் பக்கம் நின்று சரியோ என்று கேட்கவில்லை. கயிறு இறுகியதும் என் இழுப்புக்குக் காத்திராமல் தானாகவே முளையைக் குத்திவிட்டு நடந்தார். அதுதான் நாங்கள் சேர்ந்து போட்ட கடைசிக் கோடு.

புதிய கோச் கெட்டவர் இல்லை. நேரம் தவறாதவர், எனக்குக் காலை வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். செயற்கைப் புல் வந்தது, கோடுகள் புல்லோடு சேர்த்தே தைக்கப்பட்டு வந்தன. முதல் வருடம் நிறைய வென்றோம், முதலாளி வந்து படம் எடுத்தார். இரண்டாம் வருடம் ஒரு காலை, பண்டகசாலையிலிருந்து நேரே வந்த கானாப் பெடியன் ஒருவன் கண் சிவந்து நின்றதை நான் கண்டேன். அன்றைய ஆட்டத்துக்குப் புதிய கோச்சுக்கு அவன் தேவைப்பட்டான். இரவு முழுக்க அவன் நின்று வேலை செய்தது அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் வலை கட்டிக்கொண்டு நின்றேன். பாதி ஆட்டத்தில் அவன் திரும்பிய விதத்தில் முழங்கால் போய்விட்டது. வேலையும் போனது, கட்டணம் கட்ட முடியாமல் படிப்பும் போனது. ஊருக்குத் திரும்பு முன் என்னிடம் வந்து கை தந்தான், ஊன்றுபொல்லை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு. மூன்றாம் வருடத்தோடு முதலாளியின் வாக்கு முடிந்தது. புதிய கோச் பெரிய இடத்துக்குப் போனார். இப்போது அணியே இல்லை. மைதானத்தை மணிக்கணக்கில் கம்பனிக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் உடுப்பு மாற்ற அறை கட்டத்தான் கொட்டிலை இடிக்கிறார்கள்.

கோச் அண்ணை வானை விடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குப் போன் எடுப்பார். தானே கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, "புல் எப்பிடி?" என்று கேட்பார். "நல்லாயிருக்கு அண்ணை" என்பேன். புல் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இந்த வருடம் பொங்கலுக்குப் போன் வரவில்லை. சில நாள் கழித்து அவருடைய மகன் எடுத்துச் செய்தி சொன்னான்.

ஹவுன்ஸ்லோவில் செத்தவீடு. மண்டபம் நிறைய ஆட்கள். பழைய பெடியள் சிலர் கோட்டும் டையுமாக வந்திருந்தார்கள். கிரியை முடிந்ததும் மகன் முன்னால் வந்து, அப்பாவைப் பற்றி யாராவது கதைக்க விரும்பினால் வரலாம் என்றான். சிலர் கதைத்தார்கள். பிறகு ஒருவரும் எழும்பவில்லை. அந்த அமைதியை எனக்கு முன்பே தெரியும். கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே வரும்போது அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "நீங்கள்தானே கயிறு பிடிக்கிற தம்பி? உங்களைப் பற்றி எப்பவும் சொல்லுவார்" என்றார். என்ன சொல்லுவார் என்று நான் கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் மைதானத்தில் யாரும் இல்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். செயற்கைப் புல்லில் முளை இறங்காது. ஒரு முனையை அவர் எப்போதும் நிற்கும் பக்கத்து வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, பலகையிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டபடி மறுபக்கம் நடந்து வந்தேன். முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கையை உரசிப் போயின. என் இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வேலி மட்டும் தெரிந்தது. கயிறு இறுகும் வரை பின்னால் போனேன். பிறகு இரண்டு தரம் இழுத்தேன்.