சாப்பிட்ட பிறகு சொன்ன சேதி

தீபாவளிக்கு முந்தின நாள் மாடி வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, பெரிய குண்டான் ஏதாவது இருக்கா? நானும் என் ஃபிரெண்டும் ஃபர்ஸ்ட் டைம் வீட்லயே மட்டன் செய்யப்போறோம்." இருந்த இரண்டில் பெரியதை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நங்கநல்லூர் வீட்டின் அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நானும் ஒரு தீபாவளிக்கு இப்படித்தான் இரவல் குண்டானோடு இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். காலையில் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். கால் வலியைப் பற்றி நான் ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். பக்கத்தில் நின்றவள் மல்லிகா. இரண்டு பேருக்கும் விழுப்புரம் பக்கம். கடை விடுதியில் மூன்று வருடம் ஒரே பாயில் படுத்தவர்கள், அந்த வருடம்தான் துணிந்து மேற்கு மாம்பலத்தில் ஓர் அறை எடுத்திருந்தோம். வாசல், பூட்டு, இரண்டு சாவி. அதற்கே அத்தனை பெருமை எங்களுக்கு.

தீபாவளி அன்றுதான் கடைக்கு விடுமுறை. முந்தைய வருடங்களில் அன்று முழுக்கத் தூங்கியிருக்கிறோம். "இந்தத் தடவ நம்ம வீட்ல சமைக்கலாம்டி," என்றாள் மல்லிகா. "சேகர் சாரையும் கூப்பிடலாம். பாவம், அவரும் ஊருக்குப் போகல." சேகர் சார் கடையில் எங்கள் மாடிக்கு சூப்பர்வைசர். எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் பண்டிகை நாளாயிற்றே என்று சரி என்றேன்.

சமையலில் நான் பெரிய ஆள் என்று அவளிடம் அளந்து வைத்திருந்தேன். கறிக்கடைக்காரர், "கொழம்புக்கா, வறுவலுக்கா?" என்று கேட்டபோதே என் சாயம் வெளுத்துவிட்டது. "ரெண்டுக்கும்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். திரி ஸ்டவ்வில் கறி வேகவே இல்லை. குண்டானைக் கொடுத்த வீட்டுக்காரர் பவானி அக்காதான் எட்டிப் பார்த்தார். "இன்னா கண்ணு, வேவ மாட்டேங்குதா? பப்பாளிக்கா கீது, ஒரு துண்டு போடு. பஞ்சு மாரி ஆயிடும்." ஆயிற்று. சோறு மட்டும் குழைந்துபோனது. ஆனாலும் கிராம்பும் சோம்பும் சேர்ந்து அந்தச் சின்ன அறையில் எழுந்த வாசனையில், எனக்கென்று ஒரு வீடு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

வெங்காயம் உரிக்கும்போது மல்லிகாவிடம் மறுபடி புது வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அடையாறில் புதிதாகத் திறக்கும் கடையில் எனக்கு கேஷ் கவுண்டர் வேலை கிடைத்திருந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை! அவளுக்கும் ஓர் இடம் கேட்டிருந்தேன். வேறு கடைக்குப் போகிறோம் என்று தெரிந்தால் அன்றே அனுப்பிவிடுவார்கள் என்பதால், உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தேன். "பாத்துக்கலாம்டி," என்றாள். பூண்டை மட்டும் ரொம்ப மெதுவாக நசுக்கிக்கொண்டிருந்தாள்.

சேகர் சார் பன்னிரண்டரைக்கு வந்தார். வாழை இலையில் மல்லிகா பரிமாற, நான் உள்ளும் வெளியுமாக ஓடினேன். இரண்டு தடவை குழம்பு வாங்கினார். ரசம் வாங்கிக் குடித்தார். கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லா சமைக்கிறம்மா. அடையாறு கடைக்காரருக்கு நான் போன் பண்ணிப் பேசிட்டேன். அங்க உன்ன எடுக்க மாட்டாங்க. இங்கயும் இனிமே வரவேணாம்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அப்பளத் தட்டோடு நின்றேன்.

"பட்டுப் பிரிவ இனி மல்லிகா பாத்துக்குவா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியது. பிறகு கேட்டேன். "நீதான் சொன்னியா?"

"வந்ததுமே சொல்றேன்னாரு," என்றாள் மல்லிகா, இலையை மடித்தபடி. "சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க சார்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நீ ஆசையா சமைச்சியே."

அவள் என்னைப் பற்றிச் சொன்னதைக்கூட இப்போது ஒரு மாதிரி புரிந்துகொள்கிறேன். பட்டுப் பிரிவு மாதிரி நிற்பதற்குக் கொஞ்சம் நல்ல இடம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்தக் கரிசனத்தைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்த விருந்தில் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இரண்டு சேலையும் பெட்டியுமாக இறங்கியபோது பவானி அக்கா, "நல்ல நாளும் அதுவுமா எங்கடி போய்க்கினு கீற?" என்று கேட்டார். ஊருக்கு என்றேன்.

பிறகு அசோக் நகரில் ஒரு மருந்துக் கடை, கல்யாணம், குழந்தை என்று நாள் ஓடிவிட்டது. மல்லிகா அந்தக் கடையில் நெடுநாள் இருந்தாள், நன்றாகவே இருந்தாள் என்று கேள்வி. அந்த மாம்பலம் வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி, கீழே கார்கள்.

போன மாதம் கிண்டியில் ஒரு கிளினிக்கில் புது வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவருக்கு அது நான்காம் நாள், மேசைமேல் கிடந்த அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது. "எங்கிட்டகூட சொல்லலையே," என்றார். கோபமாகக்கூட இல்லை. அட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேலைக்குக் கூப்பிட்ட அன்றே மாம்பலம் ரயில்வே பாலத்தின்மேல் மூச்சிரைக்க ஓடிவந்து, படி ஏறும்போதே எல்லாவற்றையும் தோழியிடம் கொட்டிவிட்ட ஒரு பெண்ணை அவருக்குத் தெரியாது. அப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்.