வெல்லம் போட்ட சுவர்

எங்கள் வீடு கரைந்துபோகிறது என்று தெருவுக்கே அறிவித்தவன் நான்தான். தலை பாதி நரைத்த பிறகும், திண்டிவனத்துக்குப் போனால், "இன்னாப்பா, வூடு இன்னும் கீதா, கரைஞ்சிடுச்சா?" என்று யாராவது விசாரிக்காமல் விடுவதில்லை.

யுத்த காலம் அது. அப்பா விழுப்புரத்தில் ஏலத்தில் எடுத்த பழைய ரயில் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து, மாடி அறைக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு பலகைத் தளம் போட்டிருந்தார், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைக் காயவைக்க. அதைப் பார்க்காமல் எந்த விருந்தாளியும் எங்கள் வீட்டில் சாப்பிட முடியாது. ஆனால் பலகையும் சுவரும் சேரும் இடுக்கில் மழைத் தண்ணீர் இறங்கி, கீழ் அறைச் சுவரில் ஊறுவதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார். ஒவ்வொரு வருஷமும் இடுக்கில் சுண்ணாம்பை அப்புவார். வெயில் ஏறியதும் அது வெடித்துவிடும்.

அந்த வருஷம் கீழ் அறையில் இருந்தவை அத்தையின் விதை மல்லாட்டை மூட்டைகள். அத்தை அப்பாவுக்கு அக்கா. கணவன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்தவள், திரும்பிப் போகவில்லை. கல்யாணத்தின்போது அவளுக்குக் கொடுத்த நிலம் விக்கிரவாண்டிப் பக்கம் இருந்தது. அதில் அப்பாதான் பயிர் வைத்துவந்தார்.

"தையிலர்ந்து நானே வைக்கறேன்" என்றாள் அத்தை.

"மொதல்ல வெதய மொளைக்காம, பூஞ்சணம் புடிக்காம தை வரைக்கும் காப்பாத்துக்கா. அப்பறம் பேசு" என்றார் அப்பா.

விதை கெட்டால் நிலம் பழையபடி அப்பா கைக்கு. மற்ற அறையிலெல்லாம் அவருடைய நெல். மூட்டைகளை நகர்த்தவும் வழியில்லை.

அத்தை மாடிக்குப் போய் அந்த இடுக்கின் முன்னால் குந்திக்கொண்டு, பேன் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கீழே வந்து அப்பாவிடம் சொன்னாள்:

"மரம் மழைக்கு உப்புது, வெயிலுக்குச் சுருங்குது. சுவரு அப்படியே நிக்குது. ரெண்டத்தயும் இழுத்துச் சேத்து வச்சிப் பூசினா புட்டுக்காம இன்னா பண்ணும்?"

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் அப்பாவின் குளியல் டின்னைக் காணோம். மண்ணெண்ணெய் வந்த தகர டின். அந்தக் காலத்தில் தங்கம். அத்தை அதை வெட்டித் தட்டிப் பட்டை பட்டையாக ஆக்கியிருந்தாள். பலகைக்குச் சற்று மேலே சுவரில் உளியால் நீளமாகக் காடி வெட்டி, தகரத்தின் மேல் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் செருகினாள். கீழ் விளிம்பை வளைத்துப் பலகையின் மேல் தாவணி முந்தானைபோல் தொங்கவிட்டாள். பலகையில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மரம் அதன் இஷ்டத்துக்கு அசையட்டும் என்றாள்.

காடியை அடைக்கச் சுண்ணாம்பு குழைத்தாள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் ஊற்றினாள். வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி அந்த வெல்லம்தான். ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஐப்பசி மழை ஒரு பிற்பகலில் பிடித்துக்கொண்டது. அத்தை மூட்டை அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். பின்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பலகைத் தளத்தின் வெளி விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அசல் வெல்லப்பாகு நிறம்! என் கணக்கில் சுவர் கரைய ஆரம்பித்துவிட்டது. அத்தை உள்ளே. ஒரு வீரன் அறைக் கதவைத் தட்டியிருப்பான். நான் நேராகத் தெருவுக்கு ஓடினேன்.

"வூடு கரையுது! எங்க வூடு கரையுது! ஜல்தி வாங்க!"

பக்கத்து வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பா முதலில் வந்தார். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் தெருவே வந்தது. எல்லாரும் மூட்டை அறையின் கதவைத் தட்ட, அத்தை திறந்தாள். முகத்தில் வேர்வை.

அப்பா விளக்கைத் தூக்கிப் பிடித்தார். வழக்கமாக ஊறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துப் பார்த்தார். கையில் வெறும் தூசு. மறுபடி தடவினார். மறுபடியும் தூசு.

"எவ்ளோ நேரந்தான் தேச்சிக்கினு கீற? சுவரு தேஞ்சிடப் போவுது, தம்பி" என்றாள் அத்தை. தெருவே சிரித்தது.

"பின்ன அந்த வெல்லத் தண்ணி?" என்று விசும்பினேன்.

"ரயிலு பலக அழுக்குடா அது! தகரம் தண்ணியை வெளிய தள்ளுது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "யக்கா, எங்க வூட்டுச் சாய்ப்புக் கூரைக்கும் இப்புடி ஒண்ணு பண்ணிக் குடேன்."

"டின்னு கொண்டாங்க, பாக்கலாம்" என்றாள் அத்தை, தலையை நிமிர்த்தி.

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "தைக்கு ஏர் ஓட்ட ஆள் சொல்லி வைக்கறேன்க்கா" என்றார். அவ்வளவுதான். ஏர் என்று சொன்னார், நிலம் உனக்கு என்று சொல்லவில்லை. நான் என் அவமானத்தில் மூழ்கியிருந்ததால் அதுவும் பாதிதான் காதில் விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் அத்தை ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தாள். யாரையும் தொடவிடாத விதை. ஒன்றை எடுத்து உடைத்து, ஒரு பருப்பைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்; மற்றதை என் வாயில் போட்டாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள்.

இவ்வளவு பாதுகாத்து வைத்ததற்கு உப்புப் போட்டு அவித்தாவது கொடுத்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.