பாதி விரல் இல்லாதவரைத் தேடி

"ரேகை வச்ச குடும்பம் நம்மளுது. அங்க போயி ஏட்டைப் புரட்டுனா இன்னா இருக்கப் போவுது? அனாதைப் பொணம்னு எழுதி வச்சிருப்பான். அத்தப் பாக்கவா லீவு போட்டுக்கினு போற?"

ஏகாம்பரம் பெரியப்பா, அப்பாவுக்குப் பங்காளி முறை அண்ணன், என்னிடம் இதைச் சொன்னது வைகாசியில், அத்தை மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில். அப்பா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அப்பாவின் தாத்தா முருகேசன், அறுபது ஆண்டுகளுக்கு முன் சித்தம் கலங்கி, சென்னையில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். ஊர் திரும்பவில்லை. அவரைப் பார்க்கப் போன மகன், அதாவது என் தாத்தா, ஒருநாள் தனியாக வந்து இறங்கினார். பெற்ற அப்பனை அனாதையாக விட்டுவிட்டு வந்தவன் என்று வல்லக்கோட்டை முழுக்கப் பேச்சு. சில ஆண்டுகளில் தாத்தாவும் இறந்தார். அப்போது அப்பாவுக்கு மூன்று வயது. பேச்சு மட்டும் சாகாமல் அப்பாவின் தலையில் இறங்கியது. இறந்த நாள் தெரியாததால் கொள்ளுத்தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் ஒருமுறைகூடப் படையல் போட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பந்தியில் அப்பா எழுந்த அன்றே, பழைய பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு அந்த மருத்துவமனைக்கு மனு எழுதினேன். வாரிசுச் சான்று, பழைய பட்டா நகல், எங்கள் ஆதார் எல்லாம் இணைத்து அனுப்பினேன். நேரில் வரச் சொல்லி ஆவணியில் பதில் வந்தது.

காலை 6.40. வல்லக்கோட்டைக் கோயில் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய். எதிரே முதல் ஷிப்டுக்கு ஆள் இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. காகிதங்கள் இருந்த ரெக்ஸின் பையை அப்பா மடியிலேயே வைத்திருந்தார்.

7.30. பூந்தமல்லி பேருந்தில் எனக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு, அப்பாவுக்கு இருபத்து மூன்று ரூபாய்.

"பொம்பளையா பொறந்திருக்கலாம்யா" என்றார் அப்பா நடத்துனரிடம்.

"அப்புறம் வூட்டு வேலையும் செய்யணும் பெரியவரே, பரவால்லியா?"

அப்பா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான் முதல்முறை. பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை கடந்து, பூந்தமல்லியில் வண்டி மாறினோம். மெட்ரோ வேலைகளுக்கு நடுவே ஊர்ந்து, பத்தேகால் மணிக்கு மருத்துவமனை வாசலில் இறங்கினோம்.

நான் கற்பனை செய்திருந்தது இருட்டும் கூச்சலும். உள்ளே பெரிய பெரிய மரங்கள். ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் மகனுக்குத் தட்டில் இட்லி பிட்டு வைத்தாள். ஒரகடம் சாலையின் லாரி இரைச்சலிலேயே வாழ்ந்துவிட்ட எனக்கு அந்த அமைதி பழக இரண்டு நிமிடம் ஆனது.

பதிவேட்டு அறையில் சரோஜா என்ற ஊழியர், ஓய்வுபெறச் சில மாதங்களே இருப்பவர், எங்கள் மனுவைப் படித்துவிட்டு மூன்று தடிமனான ஏடுகளைக் கொண்டுவந்தார். பெயர் வரிசையில் விரலை ஓட்டினார்.

"முருகேசன் நாலு பேரு. உங்க ஊரு ஒருத்தரும் இல்லம்மா."

மறுபடியும் பார்த்தார். இல்லை. அப்பா பையை எடுத்துக்கொண்டார். "வா போலாம். ஏகாம்பரம் சொன்னதுதான் நெஜம். சேக்கவே இல்ல போல, ரோட்லியே வுட்டுட்டு வந்துட்டாங்க."

எங்கள் தொழிற்சாலை லைனில் ஒரு பாகத்தின் லேபிள் தவறாக ஒட்டப்பட்டிருந்தால் பெயரை வைத்துத் தேடமாட்டோம். எந்த நாள் வந்தது, எங்கிருந்து வந்தது, எடை என்ன, கீறல் எங்கே என்று மற்ற கட்டங்களைப் பார்ப்போம்.

"மேடம், பேர விட்டுடுங்க. ஊர் இருக்கிற கட்டத்த மட்டும் பாக்க முடியுமா?"

"மூணு ஏடும்மா."

"நான் டீ வாங்கியாறேன் மேடம்."

அவர் சிரித்துவிட்டார். டீ பதினைந்து ரூபாய், மூன்று வாங்கினேன். நான் திரும்பியபோது இரண்டாவது ஏட்டின் ஒரு பக்கம் திறந்திருந்தது. மற்ற நோயாளிகளின் விவரம் எங்கள் கண்ணில் படாதபடி மேலும் கீழும் வெள்ளைத் தாளால் மூடி, ஒரு வரியை மட்டும் விட்டிருந்தார். சாய்வான ஆங்கிலக் கையெழுத்து. ஊர் வல்லக்கோட்டை. பெயர் சுப்பிரமணி. அழைத்து வந்தவர் மனைவி. அங்க அடையாளம்: இடது நடுவிரல் பாதி இல்லை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா உட்கார்ந்துவிட்டார். "கரும்பு ஆலையில போன விரலு. எங்க அத்தை, அவரு பொண்ணு, சொல்லும்."

"பேரு மட்டும் ஏன் மேடம் வேற?"

"அந்தக் காலத்துப் பொம்பள புருஷன் பேர வாயால சொல்லுமா? உங்க ஊர்ல முருகன் கோயில் இருக்குதுல்ல? 'எங்கூரு சாமி பேரு'ன்னு சொல்லியிருக்கும். கோயில்ல சாமிக்கு இன்னா பேரோ அத்த எழுதிட்டாங்க. இந்த மாதிரி எவ்வளோ பாத்திருக்கேன்."

நோய் என்ற கட்டத்தில் இருந்த சொல் எனக்குப் புரியவில்லை. இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை என்றார் சரோஜா. கடைசிக் கட்டத்தை நான் இரண்டு முறை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் வாய் திறந்தேன்.

"காய்ச்சல்ல இறந்துட்டாருப்பா. பொணத்த மகன்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க. பக்கத்துச் சுடுகாட்டுலியே எரிக்கறதா சொல்லி வாங்கிக்கினு போயிருக்காரு தாத்தா."

அப்பா என் முகத்தையே பார்த்தார். "எனக்காவ சொல்றியா?"

நான் தாளைச் சற்றுக் கீழே நகர்த்தலாமா என்று கேட்டேன். சரோஜா நகர்த்தினார். வரியின் முடிவில், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், அதுவரை தாள் மறைத்திருந்த ஒரு பெருவிரல் ரேகை, கருநீல மையில். அறுபது ஆண்டில் ஓரம் மட்டும் வெளிறியிருந்தது. அதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார். தொடவில்லை. ஏடு அழுக்காகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கப்பன் கை" என்றார். பிறகு சரோஜாவிடம், "எங்கப்பன் விட்டுட்டு வரலீங்க" என்றார்.

"இல்லீங்க. கூட்டினுதான் போயிருக்காரு."

சான்றிட்ட நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 12.50க்கு வெளியே வந்தோம். சுடுகாட்டிலிருந்து நேராக ஊருக்குக் கிளம்பியிருப்பார் தாத்தா, இருபத்தைந்து வயதில், தனியாக. நடந்ததை அவர் ஊரில் சொல்லியிருப்பார். தனியாக வந்தவன் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாசலுக்கு எதிர் ஓட்டலில் சாம்பார் சாதம் நாற்பது ரூபாய். அப்பா இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். பந்தியில் மூடிய இலையின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் இருங்காட்டுக்கோட்டை தாண்டும்போது அப்பா ஏகாம்பரம் பெரியப்பாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, தாத்தாவுக்குப் படையல் போடறோம். குடும்பத்தோட வந்துடு." எதிர்முனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ரேகை இருக்குதுண்ணே. வந்து பாரு."

பதிவேட்டில் குறித்திருந்த இறந்த தேதியைப் பஞ்சாங்கச் செயலியில் போட்டுப் பார்த்தேன். தை மாதம், தேய்பிறை தசமி. வரும் தையில் அந்தத் திதி வரும் நாளுக்குக் கம்பெனி செயலியில் விடுப்புக் கேட்டேன். உறவு என்ற பட்டியலில் கொள்ளுத்தாத்தா இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தி நானே எழுதினேன்: கொள்ளுத்தாத்தா முருகேசன், நினைவு நாள்.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும் முன்பே சூப்பர்வைசர் அழைத்தார். "இன்னாம்மா, அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே லீவா?"

"முதல் படையல் சார். தப்பக் கூடாது."

நாங்கள் ஷேர் ஆட்டோ ஏறும்போது ஒப்புதல் வந்திருந்தது.